லட்சத்தீவை மூழ்கடித்தவள்

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஹைதராபாத் போன பிறகு, மராத்தி பேசும் ஊரான சாங்வியில் அந்த இரண்டு அறை வீட்டில் நான் தனியாக இருக்க ஆரம்பித்தேன். வேறொரு பெண்ணைத் தேடிக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் தேடவில்லை. காலியான அறையில் துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்து வைத்தேன். கொஞ்ச நாளில் அது துணி காயும் அறையாகவே ஆகிவிட்டது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கையேடு தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அலுவலகம் சிஞ்ச்வடில் இருந்தது. எல்லோரும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள், பிறகு அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். காலையில் குளித்து, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்வேன். மாலையில் அதே மேசையில் மடிக்கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிடுவேன். சில நாட்களில் நான் முதல்முதலாக வாயைத் திறப்பது மதியத்துக்கு மேல், கூரியர் பையன் போன் செய்யும்போதுதான். "கேட் பே ரக் தோ பையா" என்று, கேட்டிலேயே வைத்துவிடச் சொல்லும்போது தொண்டை கட்டியிருப்பது போல் குரல் வரும். அப்பா அம்மா இல்லை. பொள்ளாச்சியில் அண்ணன் இருக்கிறான். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது என்று கேட்பான். இரண்டுக்கும் பதில் சொல்லி முடித்ததும் பேச்சு முடிந்துவிடும்.

என் வேலையில் பாதி, இணையப் பக்கங்களைப் பிடித்து வைப்பது. இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஏதாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும், விளம்பரம், மெனு எல்லாவற்றையும் உதறிவிட்டு. மீதிப் பாதி, படங்களைச் சுருக்குவது. பொறியாளர்கள் அனுப்பும் படங்கள் போட்டோ மாதிரி இருக்காது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்டவை. ஒரு சின்ன வளைவுக்குக்கூட ஆயிரம் புள்ளி வைத்திருப்பார்கள். தேவையில்லாதவற்றை எடுத்துவிட்டால் கோப்பு இளைத்துவிடும், பார்வைக்குப் படம் அதேதான். இந்த இரண்டு வேலைக்கும் நானே இரண்டு ஸ்கிரிப்ட், சின்ன நிரல்கள், எழுதி வைத்திருந்தேன். சுட்டியை வைத்து அழுத்த அதில் பொத்தானோ ஜன்னலோ எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் வேலை முடிந்துவிடும்.

அவற்றை இணையத்தில் பொதுவில் போட்டு வைத்தேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. தாராள மனசு என்று சொல்ல முடியாது. யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள் என்ற ஆசைதான். வெகு நாட்களுக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் எதுவும் இல்லை. "உங்கள் ஸ்கிரிப்ட் லட்சத்தீவை மூழ்கடித்துவிட்டது. அந்தமானில் பாதியையும் காணோம். ஏன்?"

எனக்குக் காரணம் தெரிந்தது. ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்ன வடிவங்களை என் ஸ்கிரிப்ட் தூசி என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும். இயந்திரப் படத்தில் அவை தூசிதான். இந்திய வரைபடத்தை யாராவது அதில் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதையே கொஞ்சம் விறைப்பாகப் பதிலாக எழுதினேன்.

"எது தூசி என்று என்னைக் கேட்டுவிட்டு நீக்கச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது.

கோபம் வந்தது. ஆனால் அன்று மாலையே உட்கார்ந்து, நீக்குவதா வேண்டாமா என்று சொல்லும் வசதியைச் சேர்த்தேன். எப்படிப் பயன்படுத்துவது என்று திரையைப் படம் பிடித்து, சிவப்பு அம்புக்குறியெல்லாம் போட்டு அனுப்பினேன். "படம் அனுப்பாதீர்கள். எனக்கு அதனால் பயனில்லை. வார்த்தையில் எழுதுங்கள்" என்று மறுமொழி. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற யாரோ ஒரு பெரிய மனிதர், எல்லோரையும் அதட்டியே பழகியவர் என்று தீர்மானித்துக்கொண்டேன். இருந்தாலும் வார்த்தையில் எழுதினேன். அதற்கு நன்றி என்று ஒரே ஒரு சொல் வந்தது. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்து, மற்ற ஸ்கிரிப்ட் பற்றி ஒரு புகார். ஒரு பழைய தளத்தின் பக்கங்களைப் பிடித்து வைக்கப் பார்த்தால் எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறதாம். "அது தமிழ் என்கிற மொழி. உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்று முடிந்திருந்தது.

நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் அடித்தேன்: "தமிழ் எனக்குத் தெரியும். பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள், பார்க்கிறேன்."

பதில் எழுத்தில் வரவில்லை. ஒலிப்பதிவாக வந்தது. அழுத்தினேன். ஒரு பெண் குரல், சிரிப்போடு.

"அரே, நீ தமிழாம்மா? பேரைப் பார்த்து எதுவும் புரியலை பாரு. இத்தனை நாளா ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்டை போட்டுட்டு இருக்கோம்! எனக்குத் தமிழ் எழுத வராதும்மா, படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம், அதான் பேசி அனுப்புறேன். இன்னொண்ணு. எனக்குக் கண்ணு தெரியாது. போன தடவை நீ போட்டோ அனுப்புனே இல்ல, அதான் அப்படிச் சொன்னேன். ரூடா இருந்துச்சோ என்னமோ. மனசுல வச்சுக்காதே."

பதிவில் அவர் குரலுக்குப் பின்னால் ரயில் ஒன்று கடந்துபோயிற்று. அது முடிந்ததும் லோணாவளா லோக்கல் ரயிலுக்கான மராத்தி அறிவிப்பு, மங்கலாக. அந்த அறிவிப்பு எனக்குத் தெரியும். சிஞ்ச்வட் அலுவலகம் போய்வந்த காலத்தில் தினம் கேட்டது.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தேஹு ரோடு என்றார். என் வீட்டுக்குப் பக்கத்தில் காசர்வாடியில் லோக்கல் பிடித்தால் ஐந்தாறு ஸ்டேஷன்கூடக் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தெருவில், பழைய ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய கணவர். ஆயுதக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலியால் சாய்ந்து சாய்ந்து நடந்தார். "வாங்க, வாங்க. லட்சத்தீவுதானே நீங்க?" என்றார். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயராக இருந்திருக்கிறது.

அந்த அம்மா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன், அவர் கணவரைச் சார் என்று. அவருடைய தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கி வந்து, ஐம்பது வயதுக்கு மேல் முழுவதும் போயிற்று. பள்ளியை விட்டார். கணினி கற்றுக்கொண்டார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தார். அது பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"எல்லாரும் பட்டன் பட்டனா வச்சு, படம் படமா போட்டு வைக்கிறாங்கம்மா. இது அங்க போய் முட்டிக்கிட்டு நிக்கும். உன்னுதுல ஒண்ணும் இல்லை. நான் ஒரு லைன் டைப் பண்றேன், அது ஒரு லைன் பதில் சொல்லுது. பஸ், அவ்ளோதான். எனக்கு வேற என்ன வேணும்?"

ஜன்னலும் பொத்தானும் செய்யத் தெரியாமல்தான் நான் அப்படி எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன். டீச்சர் கையைத் தட்டிச் சிரித்தார்.

தமிழ்ப் பக்கங்கள் எதற்கு என்று கேட்டேன். கண் இருந்த காலத்தில் அவர் தமிழ் படித்ததே இல்லை. எழுத்து தெரியாது. இப்போது கணினி தமிழையும் வாசிக்கிறது. கதை, கட்டுரை, சமையல் குறிப்பு, கோவில் வரலாறு என்று கிடைத்ததையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்கிறார். "கண்ணு போனப்புறம்தான் தமிழ் படிக்கிறேன்மா. வீட்டுல பேசுற தமிழுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பாதி புரியாது. இவரைக் கேட்டா இவருக்கும் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்?" என்றார் சார் சமையலறையிலிருந்து. நான்கட்டாய் பிஸ்கட்டும் டீயும் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு டீச்சர் வரைபடங்களைக் காட்டினார். மேசையில் ஒரு ரப்பர் விரிப்பு. நான் சுருக்க உதவிய படத்தை அச்செடுத்து அதன் மேல் வைத்து, அதற்கும் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, சார் பேனா முனையால் அழுத்திக் கோட்டின் மேலேயே வரைவார். அழுத்திய கோடு பிளாஸ்டிக்கில் புடைத்து நிற்கும். அதை டீச்சர் விரலால் தடவிப் படிப்பார். கடற்கரையில் இருக்கும் அத்தனை நெளிவுகளும் அப்படியே இருந்தால் விரலுக்கு மணலைத் தடவுவது மாதிரி இருக்குமாம், எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாதாம். சாருக்கும் கை வலி எடுத்துவிடும். புள்ளிகளை ரொம்பக் குறைத்தால் கொங்கண் கரை அடிக்கோல் வைத்துப் போட்டது போல் ஆகிவிடும். நடுவில் எங்கேயோ ஓர் அளவு இருக்கிறது. அதைத்தான் அவர் என் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்.

"பசங்களுக்காகவா, டீச்சர்?" என்றேன்.

"இல்லைம்மா. எனக்குத்தான்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "முன்னாடி கண்ணை மூடிட்டே போர்டுல இந்தியா மேப் போடுவேன். பசங்க கை தட்டும். ஒரு நாள் சும்மா உக்காந்துட்டு இருக்கேன், குஜராத்தோட வாய் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு சந்தேகம் வந்துருச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், வரலை. கண்ணு போனப்போகூட நான் அவ்ளோ பயப்படலை. உள்ள இருக்கறதும் போகுதேன்னு இருந்துச்சு."

சார் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நீ கண்ணை மூடு. உங்க ஊரைக் காட்டு, பாப்போம்" என்று என் விரலைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தார். நான் கரையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, இதுதான் என்று நிறுத்தினேன். திறந்து பார்த்தால் விரல் மங்களூர்ப் பக்கம் இருந்தது. டீச்சர் என் விரலைக் கீழே இழுத்து, கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே கொண்டுபோனார். "இங்கதான் மலையில ஒரு கேப் இருக்கும். அது வழியா காத்து உள்ள வரும். பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். நான் பாத்ததில்லை."

"ஆமாங்க டீச்சர். ஆடி மாசத்துல கொடியில துணி நிக்காதுங்க. கிளிப்போட பறந்துரும்" என்றேன். அந்தக் காற்றைப் பற்றி இன்னும் கேட்டார். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு பேச வரும் என்பதே மறந்து போயிருந்தது. திரும்பும்போது ரயிலில் தொண்டை வலித்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பிச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குப் போய்விடுவேன். கேரளம், வங்காளம், பிறகு உலகம் என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். ஒருநாள் இலங்கையை நான் அழகாகச் சுருக்கிக் கொண்டுபோனேன். டீச்சர் தடவிவிட்டு, "யாழ்ப்பாணத்தை ஏன் வெட்டிட்டே?" என்றார். புள்ளி குறைந்ததில் வடக்கு முனை மழுங்கிப் போயிருந்தது. நான், கோப்பு அளவு, கோட்டின் விலகல் என்று விளக்கம் சொல்ல, அவர், "அதெல்லாம் உன் கம்பெனிக்கு. எனக்கு முனை வேணும்" என்றார். இருவரும் கொஞ்சம் உரக்கவே வாதாடினோம். சார் டிவி சத்தத்தைக் கூட்டினார். ரயிலில் திரும்பும்போது, என்னோடு கடைசியாக ஒருவர் சண்டை போட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மற்ற ஆறு நாட்கள் பழையபடிதான் இருந்தன. சொல்லப்போனால் முன்பைவிடக் கனமாக இருந்தன. முன்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்ததால் தெரியவில்லை. இப்போது திங்கட்கிழமை காலை அந்த மேசைக்கு முன்னால் உட்கார்வது கிணற்றில் இறங்குவது போல் இருந்தது.

மழைக்காலத்தில் சாரின் முழங்கால் மோசமாயிற்று. அதுவரை டீச்சர் எங்கே போனாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவார். இனி சர்ச்சுக்கும் கடைக்கும் தனியாகத்தான் போக வேண்டும். கைத்தடி வைத்து நடக்கப் பழகியிருந்தாலும் தெருவில் தனியாக இறங்கியதில்லை. "எங்க தெருவுக்கு ஒரு மேப் போடலாமாம்மா?" என்று கேட்டார்.

இணையத்தில் இருக்கும் தெரு வரைபடத்தைப் பிடித்து எடுத்தேன். அதில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டம், ஒவ்வொரு கடைக்கும் பெயர். எல்லாவற்றையும் சுருக்கித் தள்ளினால் இரண்டு கோடு மிஞ்சியது. டீச்சர் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க விழுவேன்னு இல்லையே" என்றார். அதனால் நானும் சாரும் தெருவில் இறங்கினோம். அவர் நின்று நின்று நடந்தார், நான் குறித்துக்கொண்டேன். மூடாத சாக்கடை. வேர் புடைத்து நடைபாதையைத் தூக்கியிருக்கும் மரம். பேக்கரி. ராணுவ லாரிகள் திரும்பும் முனை. எந்த இணையப் பக்கத்திலும் இல்லாத இவற்றை ஒவ்வொரு குறியாகக் கையால் சேர்த்தேன். அந்தத் தாளை டீச்சர் ஒரு வாரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். சார் அதுவரை வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். நான் போனபோது இருவர் முகத்திலும் ஒரு களை.

"சலோ, அடுத்து உன் வீடு. அதுக்கு ஒண்ணு போடு. நான் வர்றேன்" என்றார் டீச்சர்.

"நான் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போறனுங்க."

"அப்போ மேப் எதுக்கு?"

என் வீட்டுக்கு யாரும் விருந்துக்கு என்று வந்ததில்லை. மறுநாள் மாலை வேலை முடிந்ததும், பிரதான சாலையில் ஷேர் ஆட்டோ நிற்கும் முனையிலிருந்து என் குடியிருப்பு கேட் வரை நடந்து பார்க்க இறங்கினேன். அந்தத் தெருவில் பல வருடமாக இருக்கிறேன். ஆனால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தே பழக்கம். இப்போது கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு நின்றேன். டிரான்ஸ்பார்மர் ஒன்று ரீங்காரமிட்டது. இஸ்திரிக் கடையிலிருந்து கரி வாசனை. காலுக்குக் கீழே ஒரு சிமென்ட் பலகை ஆடியது. அதற்குப் பிறகு மாவு அரைக்கும் சக்கியின் இரைச்சல்.

சக்கிக்காரர் புருவமெல்லாம் மாவாக வெளியே எட்டிப் பார்த்தார். "காய் ஷோத்தாய், தாயி?" என்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த அரை மராத்தியிலும் முழு இந்தியிலுமாகச் சொன்னேன். பார்வை இல்லாத ஒருவர் வரப்போகிறார், அவருக்குத் தெருவைப் படம் போடுகிறேன், உங்கள் கடைச் சத்தம்தான் அவருக்கு அடையாளம் என்று. அவர் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை வரச் சொல்லாதீர்கள் என்றார். அன்று மின்வெட்டு, சக்கி ஓடாது, சத்தம் இருக்காது. நான் அதையும் குறித்துக்கொண்டேன். அவர் கூடவே நடந்துவந்து, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காது என்றும் சொன்னார். நீங்கள் எந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கடைசியில் கேட்டார். எத்தனை வருடமாக இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

டீச்சர் ஒரு சனிக்கிழமை வருவதாக முடிவாயிற்று. அதற்கு முந்தைய இரண்டு நாளும் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் துடைத்தேன். துணி காயும் அறையைக் காலி செய்து நாற்காலி போட்டேன். கொள்ளுப் பருப்பும் ரசமும் பீன்ஸ் பொரியலும் செய்தேன். சார் தேஹு ரோட்டில் டீச்சரை ரயிலில் மகளிர் பெட்டியில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார். "நீங்க கேட்லயே நில்லுங்க. முன்னாடி போனீங்கன்னா என்னைத் திட்டுவா."

கேட்டுக்கு இறங்கி வந்து தெருவைப் பார்த்தேன். கணபதி விழாவுக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கிக்கும் என் கேட்டுக்கும் நடுவில், தெருவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, குழி தோண்டி மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். நான் போட்ட படத்தில் அந்த இடம் வெறும் நேர்க்கோடு.

போன் செய்தேன். எடுக்கவில்லை. அதற்குள் முனையில் ஆட்டோ வந்து நின்று, வெள்ளைக் கைத்தடி முதலில் இறங்கியது, பிறகு டீச்சர். பச்சைப் புடவை. டிரான்ஸ்பார்மரைத் தாண்டினார். ஆடும் பலகையில் தடி பட்டதும் நின்று, அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சக்கி வரைக்கும் நான் சொன்னது அத்தனையும் இருந்தது. அதற்கப்புறம் தடி மூங்கிலில் மோதியது. வலது பக்கம் தட்டினார், அங்கேயும் மூங்கில். அப்படியே நின்றுவிட்டார். நான் ஓட ஆரம்பித்தேன்.

எனக்கு முன்னால் சக்கிக்காரர் போய்விட்டார். தொடவில்லை, இழுக்கவில்லை. பக்கத்தில் நின்று மராத்தியில் ஏதோ சொன்னார். டீச்சர் என்னைவிட நல்ல மராத்தியில் ஏதோ திருப்பிக் கேட்டார். பந்தல்காரர்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் இடது பக்கச் சுவரைத் தடியால் தட்டிக்கொண்டே தானாக வெளியே வந்தார். நான் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றிருந்தேன்.

"யாரு ஓடி வர்றது? நீதானே? கேட்லதானே நிக்கச் சொன்னேன்?" என்றார்.

"டீச்சர், பந்தலைப் போட்டுட்டாங்க. ரெண்டு நாளா நான் வெளியவே வரலீங்க, பாக்கலை."

"உன் மேப்ல கணபதி இல்லைன்னு அந்த ஆளுகிட்டச் சொன்னேன். வருஷா வருஷம் இங்கதான் போடுவோம், அந்தப் பொண்ணுக்குத் தெரியாதான்னு கேக்குறான்."

கொள்ளுப் பருப்பை முதல்முறையாகச் சாப்பிட்டார். குதிரைக்குப் போடுவதல்லவா என்று கேட்டுவிட்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். வீட்டைச் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றிவந்தார். "நல்ல வீடும்மா. ரொம்ப அமைதி" என்றார். பிறகு உட்கார்ந்து, "ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொல்ல வேண்டாம்னுதான் நேர்ல வந்தேன்" என்றார்.

நாக்பூரில் அவருடைய மகள் இருக்கிறாள். அப்பாவுக்கு அங்கேயே முழங்கால் ஆபரேஷன் செய்து, இருவரையும் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாளாம். தேஹு ரோட்டு வீட்டைக் காலி செய்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால்.

"நல்லதுதானுங்க டீச்சர். சாருக்கும் சரியாயிரும்" என்றேன். 

டீச்சர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ இங்க யாரோட பேசுவே?" என்று கேட்டார். என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆபீஸில் கால் வரும் என்றேன், அண்ணன் கூப்பிடுவான் என்றேன். டீச்சர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

வீடு காலி செய்த அன்று நான் போயிருந்தேன். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் வரைபடங்களைக் கசங்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். மகள் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், நல்ல பெண். அம்மாவிடம் இந்தியில் பேசினாள். என்னைப் பார்த்து, அம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கிளம்பும் நேரத்தில் டீச்சர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியிலிருந்து தாடை வரை விரலை ஓட்டினார். அவ்வளவு நாளில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. சார், "வாங்க நாக்பூருக்கு. ஆரஞ்சு சீசன்ல வாங்க" என்றார். கார் போனதும் தெரு சட்டென்று காலியானது. ஸ்டேஷனுக்கு வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு லோக்கலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் எழுந்து, குளித்து, தலை சீவி, பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. சீவின தலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் டீச்சர் வாராவாரம் கூப்பிட்டார். நாக்பூர் வெயில், பேரனின் பரீட்சை, சார் வாக்கரைத் தூக்கி எறிந்தது என்று சொல்வார். மகள் வீட்டுத் தெருவுக்கு நான் ஒரு படம் போட்டு அனுப்பினேன். இணையத்தில் கிடைத்ததை மட்டும் வைத்துச் செய்தது, அதனால் பாதிக்கு மேல் தப்பு. மருமகன் அவரோடு கூடவே நடந்து பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறான். இப்போது அங்கே பார்வையற்ற பெண்கள் சிலர் பூகோளம் கேட்க வருகிறார்களாம், டீச்சருக்கு நேரமே இல்லை. போன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று. அவர் நன்றாக இருக்கிறார். அவர் குரலில் அது தெரியும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேறு மாதிரி இருக்கிறது.

மாலையில் வேலை முடிந்ததும் இப்போதெல்லாம் கீழே இறங்கி ஒரு சுற்று நடக்கிறேன். காதில் எதுவும் மாட்டிக்கொள்வதில்லை. போன வாரம் இஸ்திரிக் கடைக்காரரிடம், உங்கள் மனைவி ஊருக்குப் போய்விட்டாரா, ஆளைக் காணோமே என்று நானாக நின்று கேட்டேன். பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றார். என்ன குழந்தை என்று கேட்டேன். இன்னும் பிறக்கவில்லை என்றார். பிறந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, ஓர் ஆளுக்கு அரிசி களைந்து வைத்தேன்.